செல்போன் யந்திரமும் புதையல் மோசமும்

நமது நாட்டில் பாடுபடுகிறவனுக்குப் பணம் சேருவதில்லை; பாடுபடாதவனுக்குத்தான் சேருகிறது. இதை நாள்தோறும் கண்ணால் கண்டு வருகின்ற பாமர மக்கள், பணம் என்பது உழைப்பினால் வருவதல்ல, அதிர்ஷ்டத்தினால் வருவது என்று நினைத்துக்கொண்டிருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்த நினைப்பை வளர்த்து அதைக்கொண்டே வயிறு வளர்க்க ஒரு கூட்டமும் எப்போதும் இருந்து வருகிறது. சோதிடக்காரன், குறிகாரன், ரசவாதக்காரன், மைக்காரன் என்று பல பெயரில் அவர்கள் வருவார்கள். இவர்களில் மைக்காரன் என்பவன் வெற்றிலையில் மை தடவி, பூமிக்குள் இருக்கும் புதையல் அதில் தெரிகிறது என்று சொல்லிப் பணம் பறித்து வந்தவன். இப்பொழுது அவன் வெற்றிலையையும் மையையும் தூர எறிந்துவிட்டு, கையில் செல்போனை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறான். அந்தச் செல்போனிலே "மெட்டல் டிடெக்டர்" என்று ஒரு ஆப் இருக்கிறதாம். அது பூமிக்குள் இருக்கும் தங்கத்தைக் காட்டுமாம்.

மையைக் கண்டு சிரிக்கின்றவர்கள்கூட இந்தப் போனைக் கண்டு வாயைப் பிளக்கிறார்கள். ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

வடக்குத்தில் கண்டது

சில வாரங்களுக்கு முன் வடக்குத்துப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் நம்மிடம் வந்து, தயங்கித் தயங்கி ஒரு சங்கதி சொன்னார். அவருக்கு ஒன்றரை ஏக்கர் முந்திரிக் கொல்லை. கடன் இரண்டு இடத்தில் இருக்கிறது. பெண் கலியாணத்துக்கு நிற்கிறாள். இந்த நிலையில் வெளியூர் ஆசாமி ஒருவன் வந்து, கொல்லையைச் சுற்றிச் செல்போனைத் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு நடந்தானாம். தென்மேற்கு மூலைக்கு வந்ததும் போன் "கீங் கீங்" என்று கத்திற்றாம். முள் சிவப்புக்குப் போயிற்றாம். நாற்பதில் நின்ற எண் நூற்றைம்பதைத் தாண்டிற்றாம். "ஏழு பானை இருக்கிறது, ஆனால் காவல் இருக்கிறது, காவலை எடுக்கக் கருங்கோழியும் நாற்பதாயிரம் ரூபாயும் வேண்டும்" என்று சொல்லி, ஐயாயிரம் முன்பணமும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். மீதிப் பணத்துக்கு என்ன வழி என்று யோசித்துக்கொண்டே வந்தவர், வழியில் நம்மையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நுழைந்திருக்கிறார்.

"என்ன ஐயா, இந்தக் காலத்திலுமா மந்திரவாதியை நம்புகிறீர்கள்?" என்று கேட்டோம்.

"மந்திரவாதியாயிருந்தா நானும் நம்பியிருக்கமாட்டேங்க. இது சாமியும் இல்லே, பூதமும் இல்லே, செல்லுங்க. மிஷின் பொய் சொல்லுமாங்கய்யா?" என்றார்.

தோழர்களே! இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த வியாசமே எழுதப்படுகிறது. மிஷின் பொய் சொல்லாது என்பது வாஸ்தவம். ஆனால் மிஷின் சொன்னது என்ன, அதற்கு ஆசாமி சொன்ன அர்த்தம் என்ன என்று இரண்டு சங்கதிகள் இருக்கின்றன அல்லவா? மிஷின் சொன்னது "இங்கே காந்தத்தின் அளவு கூடியிருக்கிறது" என்பது மாத்திரம். ஏழு பானை என்றும், தங்கம் என்றும், காவல் என்றும், கருங்கோழி என்றும் சொன்னது மிஷின் அல்ல.

அன்று மாலையே இரண்டு தோழர்களுடன் அந்தக் கொல்லைக்குப் போனோம். நம்மிடமும் செல்போன் இருக்கிறது. அதே மாதிரி ஆப்பை அதிலும் ஏற்றிக்கொண்டோம். அந்த மூலையில் பிடித்தால் எண் ஏறத்தான் செய்தது. பிறகு அவர் வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு, போனைத் திண்ணையில் அசையாமல் வைத்து, தாலிக்கொடியை அதன்மேல் பிடிக்கச் சொன்னோம். எண் அசையவில்லை. மூக்குத்தி, தோடு இரண்டையும் வைத்துப் பார்த்தோம். அசையவில்லை. ஓரமாகக் கிடந்த மண்வெட்டியைக் கிட்டே கொண்டுபோனதும் போன் அலறிற்று. அந்த அம்மாள் பள்ளிக்கூடம் போனவரல்லர். அவர் சொன்னார்: "கையிலே இருக்கிற பவுனே அதுக்குத் தெரியலே. பாதாளத்திலே இருக்கிற பவுன் தெரிஞ்சுதாமா?"

நாற்பதாயிரம் ரூபாய் வாதம் அத்துடன் முடிந்தது. இருந்தாலும் சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று அந்த மூலையைத் தோண்டினோம். ஒரு முழம் போவதற்குள் துருப்பிடித்த இரும்புக் குழாயின் வாய் தெரிந்தது. குடியானவரின் தகப்பனார் காலத்தில் போர் போட்டுத் தண்ணீர் வராமல் விட்டுவிட்ட குழாய் அது. அதுதான் ஏழு பானை. அதுதான் காவல் பூதம். ஐயாயிரம் கொண்டுபோன ஆசாமியின் போன் அன்று முதல் "சுவிட்ச் ஆப்" ஆகியிருக்கிறது. பூமிக்குள் இருக்கும் புதையலைக் காட்டுகிற போனுக்கு, அதன் எஜமான் இருக்கிற இடத்தை மாத்திரம் காட்டத் தெரியவில்லை.

போனுக்குள் இருப்பது என்ன?

இனி, அந்தப் போன் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. பூமியே ஒரு பெரிய காந்தம் போல் வேலை செய்வதால்தான் திசைகாட்டியின் முள் வடக்கே திரும்பி நிற்கிறது. இந்தக் காந்தத்தின் வலிமையை அளக்க மைக்ரோடெஸ்லா என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். உலகத்தில் இடத்துக்கு இடம் அது சுமார் 25 முதல் 65 வரை இருக்கும். நம் தமிழ்நாட்டில் சுமார் 40.

2008, 2009ஆம் வருஷங்கள் முதற்கொண்டு செல்போன்களுக்குள் திசையறிவதற்காகக் கடுகளவு சில்லு ஒன்று வைக்கிறார்கள். மேப் பார்க்கும்போது நாம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று காட்டுவது அதுதான். ஒரு தகட்டில் மின்சாரம் ஓடும்போது பக்கத்தில் காந்தம் இருந்தால், அந்த மின்சாரம் ஒரு பக்கமாக ஒதுக்கித் தள்ளப்படும் என்று 1879இல் எட்வின் ஹால் என்கின்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டுபிடித்தார். பெரும்பாலான போன்களில் உள்ள சில்லு இந்தத் தத்துவத்தைக் கொண்டுதான் காந்தத்தை அளக்கிறது. ஆப் செய்வதெல்லாம், அந்த எண்ணைத் திரையில் காட்டி, எண் கூடினால் ஒரு சத்தம் போடுவதுதான்.

கிட்டத்தில் இரும்போ எஃகோ இருந்தால், அது பூமியின் காந்தத்தை வளைத்துக் கூட்டியோ குறைத்தோ காட்டும். அதனால் எண் மாறும். தங்கம், வெள்ளி, செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயம் ஆகிய எவையும் காந்தத்துக்கு வசப்படுகிறவை அல்ல. ஆகவே அவைகள் வண்டி வண்டியாகக் கிடந்தாலும் இந்தச் சில்லுக்குத் தெரியாது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நமது ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டக்கூடிய ஒருவகை எஃகினால் செய்யப்பட்டது. அதைப் போனில் சில்லு இருக்கும் இடத்தில் ஒட்டினாற்போல் கொண்டுபோனால் எண் அசையும். ஆனால் ஒரு பவுன் காசைக் கொண்டுபோனால் அசையாது! ஒரு ரூபாய்க்குக் கொடுக்கும் மரியாதையைப் பவுனுக்குக் கொடுக்காத இந்தக் கருவியைத் தங்கம் தேடும் கருவி என்று சொன்னால், சொல்லுகிறவனுக்கு வெட்கம் இல்லாமல் போகலாம். கேட்கிறவனுக்குப் புத்தி இல்லாமல் போகலாமா?

இன்னும் தூரத்தின் கணக்கைப் பாருங்கள். சிறிய இரும்புத்துண்டின் காந்த விசை தூரம் கூடக்கூட மெதுவாகக் குறைவதல்ல, தடதடவென்று விழுந்துவிடுவது. தூரம் 2 மடங்கானால் விசை 8இல் ஒரு பங்கு. தூரம் 10 மடங்கானால் 1000இல் ஒரு பங்கு. ஆகவே ஆணி, சாவி, திருகு முதலிய சிறிய இரும்புச் சாமான்கள் சில விரற்கடை தூரத்துக்குள்தான் தெரியும். குழாய், கடப்பாறை போன்ற பெரிய இரும்பானால் இன்னும் சற்றுத் தள்ளித் தெரியும். பத்தடி ஆழத்தில் மண்பானைக்குள் இருக்கும் பொன்னைக் காட்டுவது என்பது, இந்தச் சில்லின் தத்துவத்திலேயே இல்லாத வேலை.

விலை குறைந்த சில போன்களில் இந்தச் சில்லே வைப்பதில்லை. அந்தப் போனிலும் ஒரு ஆப் "தங்கம் இருக்கிறது" என்று விளக்கை எரித்துக் காட்டுமானால், அது வெறும் பொம்மலாட்டமே ஒழிய வேறல்ல.

இந்த ஆப்பினால் பிரயோஜனமே இல்லையா என்றால், இருக்கிறது. மரப்பலகைக்குள் ஆணி இருக்கிறதா, சுவரில் துளை போடும் இடத்தில் மேலோட்டமாக இரும்புக் கம்பி ஓடுகிறதா, தரையில் விழுந்த ஊசி எங்கே கிடக்கிறது என்று பார்க்க உதவும். பிள்ளைகளுக்குக் காந்தப் பாடம் சொல்லிக்கொடுக்க மிகவும் உதவும். அவ்வளவே அதன் யோக்கியதை.

நிஜமான கருவியும் அதன் எல்லையும்

"பட்டாளத்தில் கண்ணிவெடி தேடுகிறார்கள், விமான நிலையத்தில் தங்கம் பிடிக்கிறார்கள், அது எப்படி?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அது வேறு கருவி. அதில் கம்பிச்சுருள் இருக்கிறது. அதற்குள் மாறிமாறி ஓடும் மின்சாரம், கிட்டத்தில் உள்ள எந்த உலோகத்திலும் சிறு மின்சுழலை உண்டாக்கும்; அந்தச் சுழல் திருப்பி அனுப்பும் சாடையைக் கருவி பிடித்துக்கொள்ளும். தங்கமும் அதற்குத் தெரியும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஒரு நாணயத்தை ஒரு சாண், மிஞ்சினால் ஒரு முழத்துக்குள்தான் சாதாரணக் கருவி காட்டும். தெரிந்தது தங்கமா தகர டப்பாவா என்பதைத் தோண்டித்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு என்பவரை ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். உடம்புக்குள் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று வைத்தியர்களுக்குத் தெரியவில்லை. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல், இந்த மாதிரிக் கருவி ஒன்றைச் செய்துகொண்டு வந்து தேடிப் பார்த்தார். குண்டு அகப்படவில்லை, ஜனாதிபதி செப்டம்பரில் இறந்துபோனார். நாம் கவனிக்கவேண்டியது அதற்கு மேல்தான் இருக்கிறது. பெல் "காவல் இருக்கிறது" என்று சொன்னாரா? "கிரகம் சரியில்லை, கருங்கோழி கொண்டுவா" என்று சொன்னாரா? தன்னுடைய கருவி ஏன் தடுமாறிற்று என்று விசாரித்தார். நோயாளி படுத்திருந்த மெத்தைக்குள் எஃகுக் கம்பிகள் இருந்தது தெரியவந்தது. அதை ஒளிக்காமல் எழுதி வைத்தார்.

தோல்வி வந்தால் காரணத்தைத் தேடுகிறவன் விஞ்ஞானி. தோல்வி வந்தால் இன்னொரு பூசைக்குப் பணம் கேட்கிறவன் மந்திரவாதி. இருவர் கையிலும் ஒரே போன் இருக்கலாம். போனைப் பார்த்து ஆளை மதிக்காதீர்கள்.

படித்தவர்களும் ஏமாந்தார்கள்

வடக்குத்துக் குடியானவர் ஏமாந்தார் என்று பட்டணத்தார் சிரிக்கவேண்டாம். ஜேம்ஸ் மெக்கார்மிக் என்கின்ற இங்கிலீஷ்காரன், கோல்ப் பந்து தேடுவதற்கென்று விற்ற 20 டாலர் விளையாட்டுச் சாமானை மாதிரியாக வைத்து ஒரு "வெடிகுண்டு காட்டும் கருவி" செய்தான். ஒரு பிடி, அதில் ஆடுகிற ஒரு கம்பி. உள்ளே வேலை செய்யக்கூடிய சாமான் ஒன்றுமே கிடையாது. நம் ஊரில் தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தியும் வேப்பங்கவையைப் பிடித்தும் நீரோட்டம் பார்க்கிறார்களே, அதே வித்தைதான். பிடித்திருப்பவனின் கை அவனுக்கே தெரியாமல் அசைவதால் கம்பி திரும்பும். இதைக் கோடிக்கணக்கான டாலருக்கு ஈராக் சர்க்கார் வாங்கிச் சோதனைச் சாவடிகளில் நிறுத்திற்று. குண்டு வண்டிகள் அந்தக் கம்பிக்கு முன்னாலேயே கடந்து போயின, ஜனங்கள் செத்தார்கள். 2013இல் லண்டன் கோர்ட்டு அவனுக்குப் 10 வருஷம் தண்டனை கொடுத்தது. வாங்கின மந்திரிகளும் தளபதிகளும் செய்திருக்க வேண்டிய சோதனை ஒன்றே ஒன்றுதான்: பத்துப் பெட்டிகளில் ஒன்றில் மாத்திரம் வெடிமருந்தை ஒளித்து வைத்து, "எது, காட்டு" என்று சொல்லியிருந்தால் போதும்.

நம் நாட்டுச் சங்கதி இதற்குக் குறைந்ததா? அதே 2013ஆம் வருஷம் அக்டோபரில், உத்தரப்பிரதேசத்து உன்னாவ் ஜில்லா தௌண்டியா கேரா என்கின்ற கிராமத்தில், பழைய கோட்டைக்கு அடியில் 1000 டன் தங்கம் இருக்கிறது என்று சாமியார் ஒருவர் கனவு கண்டார். கனவு சாமியாருடையது, கடப்பாறை சர்க்காருடையது! இந்தியத் தொல்லியல் துறையார் அக்டோபர் 18ந்தேதி தோண்ட ஆரம்பித்தார்கள். பூமிக்குள் உலோகம் இருக்கலாம் என்று புவியியல் துறையின் கருவி காட்டியதாகவும் ஒரு சமாதானம் சொல்லப்பட்டது. வாரக்கணக்காகத் தோண்டியும் தங்கம் ஒரு குன்றிமணிகூட அகப்படவில்லை. உடைந்த மண்பாண்டங்களும் பழைய கட்டடத்தின் மிச்சங்களும்தான் அகப்பட்டன. அந்த வருஷத்தில் ரிசர்வ் வங்கியின் தங்கக் கையிருப்பே சுமார் 558 டன்தான். ஒரு தேசத்தின் பொக்கிஷத்தைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு தங்கத்தை ஒரு கிராமத்துச் சிற்றரசர் புதைத்து வைத்திருக்க முடியுமா என்று ஒரு நாலாம் வகுப்புப் பையன்கூடக் கணக்குப் போட்டிருப்பான். காவி வேஷ்டி எதிரே நின்றால் கணக்குக்கூட மறந்துபோகிறது.

ஏமாற்று எங்கே போய் முடிகிறது?

"போனால் போகிறது, ஐயாயிரந்தானே, கோழிதானே" என்று சொல்லுகிறவர்களும் உண்டு. கோழியோடு நிற்குமானால் நாம் இவ்வளவு தூரம் எழுதமாட்டோம். கோழி கேட்ட பூதம் அடுத்தபடி ஆடு கேட்கும். ஆட்டுக்கும் திறக்கவில்லையென்றால் "தலைச்சன் பிள்ளை" என்று சொல்லும். புதையலுக்காக நரபலி என்கின்ற செய்தி பழங்கதையல்ல. இன்றும் பத்திரிகைகளில் வருகிறது. 2022 அக்டோபரில் கேரளத்தில் இளந்தூர் என்கின்ற ஊரில், செல்வம் பெருகும் என்று நம்பி இரண்டு ஸ்திரீகளைக் கொன்றுவிட்டதாகப் போலீசார் மூன்று பேர் மீது வழக்குத் தொடுத்தார்கள். இறந்த இருவரும் தெருவில் லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்தவர்கள். அவர்களில் ஒருவர் நமது தர்மபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழ்ப் பெண். ஊராருக்கெல்லாம் அதிர்ஷ்டத்தை விற்ற அந்த ஏழைகளின் கதி இப்படி ஆயிற்று. அது படித்தவர் மிகுந்த ராஜ்யம் என்பதையும் மறக்கவேண்டாம். படிப்பும் போனும் மாத்திரம் மனிதனுக்குப் பகுத்தறிவைக் கொடுத்துவிடமாட்டா.

பலி கேட்கிறவன் என்றைக்காவது பணக்காரன் வீட்டுப் பிள்ளையைக் கேட்டிருக்கிறானா? ஏழை, பெண், திக்கற்றவர் இவர்களைத்தானே எந்தப் பூதமும் கேட்கிறது? இதிலிருந்தே அந்தப் பூதம் யாருடைய மூளையில் குடியிருக்கிறது என்பது விளங்கவில்லையா?

பொன் உண்மையில் எங்கே இருக்கிறது?

பூமிக்குள் பொன் இல்லையென்று நாம் சொல்லவரவில்லை. கோலார் தங்கவயலில் இருந்தது. 1880ஆம் வருஷம் முதல் வெள்ளைக்காரக் கம்பெனியார் அதைத் தோண்டினார்கள். தோண்டினவர்கள் யார்? வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து போன நம் மக்கள். அவர்களில் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே சேரியில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஆதிதிராவிடத் தோழர்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், அனல்போன்ற சூட்டில், பாறை வெடித்துச் செத்தவர் போக மீந்தவர்கள் எடுத்த பொன் அது. ஒரு டன் பாறையை இடித்துப் பொடியாக்கினால் சில கிராம் பொன் கிடைக்கும். 2001இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டபோது பொன் எங்கெங்கோ போயிருந்தது. தோண்டினவர் சந்ததிக்கு மிஞ்சியது தகரக் கொட்டகையும் சயனைடு மண்மேடுந்தான். பூமியிலிருந்து பொன் வருவது இப்படித்தான். போனைத் தடவி வருவதல்ல.

மனிதர் சேர்த்து ஒளித்து வைத்த பொன்தான் வேண்டும் என்றால், அது இருக்கும் இடத்தைக் காட்ட ஆப் எதற்கு? 2011இல் சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவின் பேரில் திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோவில் நிலவறைகளைத் திறந்தார்களே, அங்கே குவிந்துகிடந்தது என்ன? ஒரு அறையைத் திறக்கக்கூடாது, திறந்தால் நாகம் தீண்டும், கேடு வரும் என்று சொன்னார்களே, அதற்கும் வடக்குத்து ஆசாமி சொன்ன "காவல்" என்பதற்கும் என்ன வித்தியாசம்? பெரிய இடத்துக் காவலுக்குப் பெயர் ஐதீகம். கொல்லைமேட்டுக் காவலுக்குப் பெயர் பூதம். அவ்வளவுதானே?

நமது காலடிப் புதையல்

இதையெல்லாம் வேறு எங்கே சொன்னாலும் சொல்லாவிட்டாலும், நெய்வேலியைச் சுற்றியுள்ள மக்களிடம் சொல்லியே ஆகவேண்டும். ஏனென்றால், மெய்யாகவே புதையலின் மேல் குடியிருந்தவர்கள் நாம்தான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது, நீரோடு கறுப்பாக ஒரு பொருள் வெளிவந்தது. அவர் அதற்குக் கற்பூரம் காட்டவில்லை. அது என்னவென்று பரீட்சை பார்க்க வழி செய்து, சர்க்காருக்கும் சொன்னார். பிறகு இடம் இடமாகத் துரப்பணம் இறக்கி, மண்ணை எடுத்துப் பார்த்து, கணக்குப் போட்டார்கள். 1956 நவம்பரில் நெய்வேலிக் கம்பெனி ஏற்பட்டது. 1957 மே மாதத்தில் நேரு வந்து சுரங்க வேலையைத் துவக்கினார். அடியிலிருந்து பீறிட்ட நீரை இரவும் பகலும் இறைத்து, நூறடிக்கும் மேலான மண்ணை அகற்றி, 1961இல் பழுப்பு நிலக்கரியைக் கண்ணால் கண்டார்கள். இன்று நம் வீட்டில் விளக்கெரிகிறது. அந்த ஆசாமியின் போனுக்குச் சார்ஜ் ஏறுவதும் அதனால்தான்.

இதற்கு முன் ஆயிரக்கணக்கான வருஷங்களாக இந்த மண்ணில் மைக்காரனும், குறிகாரனும், ஞானக்கண் உடையவர்களும், திரிகாலமும் உணர்ந்தவர்களும் நடமாடினார்களே, அவர்களில் ஒருவன் கண்ணிலாவது இவ்வளவு பெரிய கரிப்படுகை பட்டதா? ஒரு பானைக் காசைப் பார்க்கிற ஞானக்கண்ணுக்கு, ஊர் ஊராக விரிந்துகிடந்த நிலக்கரி ஏன் தெரியவில்லை? இதற்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் பிறகு அவர்கள் கருங்கோழி கேட்கட்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தப் புதையலுக்காக நிலத்தையும் வீட்டையும் விட்டுக்கொடுத்தவர்கள் நம் கிராமத்தார். கொடுத்த நிலத்துக்கு நியாயமான தொகை, பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னமும் குரல் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் குரலோடு சேர்ந்து கேட்கவேண்டியவன், இராத்திரியில் கொல்லைமேட்டில் போனைப் பிடித்துக்கொண்டு ஏழு பானையைத் தேடுவானானால், யாருக்கு லாபம்? கேட்டுப் பெறவேண்டியது கண்ணுக்கு நேரே இருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாததைத் தேடும்படி செய்வதுதான் எல்லா மூடநம்பிக்கையின் வேலையும்.

ஆக்ஷேபணைகளுக்குச் சமாதானம்

"நீங்கள்தானே விஞ்ஞானம், விஞ்ஞானம் என்கிறீர்கள், இப்பொழுது விஞ்ஞானக் கருவியையே குறை சொல்லுகிறீர்களே?" என்பார்கள். நாம் கருவியைக் குறை சொல்லவில்லை. முன்பு செப்புத் தகட்டில் கோடு கிழித்து "யந்திரம்" என்று விற்றார்கள். இன்று செல்போன் என்கின்ற யந்திரத்தைக் கொண்டு அதே வியாபாரம் செய்கிறார்கள். கையில் உள்ள யந்திரம் மாறியிருக்கிறது. நம்புகிறவன் மனம் மாறவில்லை. விஞ்ஞானம் என்பது சாமானில் இல்லை, "எப்படித் தெரியும்? சோதித்துக் காட்டு" என்று கேட்பதில் இருக்கிறது.

"இன்னாருக்குக் கிடைத்ததாமே!" என்பார்கள். கிணறு வெட்டினபோதும் அஸ்திவாரம் தோண்டினபோதும் பழங்காசு கிடைப்பதுண்டு. அவை மண்வெட்டிக்குக் கிடைத்தவை, மந்திரத்துக்கு அல்ல. அப்படிக் கிடைத்தாலும் ஒளித்து வைக்கவேண்டியதில்லை. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் புதையலையும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கவேண்டும். உரியவர் இல்லையென்று ஏற்பட்டு, வேறு ஒப்பந்தமும் இல்லாவிட்டால், கண்டெடுத்தவனுக்கு நாலில் மூன்று பங்கும் நிலத்துக்காரனுக்கு ஒரு பங்கும் என்று அந்தச் சட்டமே சொல்லுகிறது. சர்க்கார் எடுத்துக்கொள்வதானாலும் கிரயம் கொடுத்துத்தான் எடுக்கவேண்டும். "வெளியே சொன்னால் மறைந்துவிடும்" என்று ஒருவன் சொல்லுகிறான் என்றால், மறையப்போவது புதையல் அல்ல, அவன்தான்.

செய்யவேண்டியது

கொழும்பில் இருந்த டாக்டர் கோவூர், 1963இல் ஒரு லட்சம் ரூபாய் பந்தயம் கட்டி, மூடின உறைக்குள் இருக்கும் நோட்டின் நம்பரைச் சொல்லட்டும் என்பது முதலிய சோதனைகளை வைத்து ஞானக்கண்காரர்களை அழைத்தார். அவர் சாகும்வரையில் ஒருவனும் ஜெயிக்கவில்லை. கோவைப் போத்தனூர் பிரேமானந்த் அதே வேலையை ஊர் ஊராய்ச் செய்தார். நாம் லட்சாதிபதிகள் அல்ல. நமக்கு இந்தச் சோதனைகள் போதும்:

1. போனைப் பலகையில் அசையாமல் வைத்து, தங்க மோதிரத்தையும் அரிவாளையும் தனித்தனியே கிட்டே கொண்டுபோங்கள். எதற்குக் கத்துகிறது என்று எல்லோரும் பார்க்கட்டும்.

2. வந்தவன் போனை ஒதுக்கிவிட்டு, உங்கள் போனால் தேடச் சொல்லுங்கள். அவன் விரல் மோதிரம், செருப்பு, கைத்தடி இவைகளை எட்டி வைக்கச் சொல்லுங்கள். ஒரு சிறு காந்தத்தை ஒளித்து வைத்தால் எந்தப் போனையும் கத்தவைக்கலாம்.

3. பத்துப் பானையில் ஒன்றில் மாத்திரம் பவுனைப் போட்டு மூடி, எதுவென்று காட்டச் சொல்லுங்கள். பத்துத் தரம் இடம் மாற்றி வையுங்கள்.

4. முன்பணம் கேட்டால், "புதையல் எடுத்தபின் அதிலேயே பாதி எடுத்துக்கொள்" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வார்த்தைக்கே ஓடிவிடுவான்.

5. பலி என்கின்ற பேச்சு காதில் விழுந்தால், அது உங்கள் வீட்டுச் சங்கதியல்ல என்று இருந்துவிடாமல் உடனே போலீசாருக்குத் தெரிவியுங்கள்.

மகாராஷ்டிரத்தில் 2013இல், தோழர் நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, இந்த மாதிரி மாந்திரீக மோசடிகளைத் தண்டிக்கச் சட்டம் வந்தது. கர்நாடகத்தில் 2017இல் சட்டம் செய்தார்கள். பகுத்தறிவு இயக்கத்துக்குத் தாய்வீடான தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்பது நமது கடமை. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976 முதல் அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எழுதினவர்கள் மறந்தாலும் நாம் மறக்கவேண்டாம்.

கடைசியாக, அந்தக் குடியானவர் சங்கதியைச் சொல்லி முடிக்கிறோம். தோண்டியெடுத்த இரும்புக் குழாயை அவர் பழைய இரும்புக் கடையில் போட்டார். சில நூறு ரூபாய் கிடைத்தது. "போன் காட்டின புதையல் இவ்வளவுதானுங்க" என்று சிரித்தார். ஐயாயிரம் போனது போனதுதான். நாற்பதாயிரம் போகாமல் நின்றது. அதை நிறுத்தியது நமது பிரசங்கம் அல்ல. அந்த அம்மாள் கேட்ட ஒரே ஒரு கேள்வி. அம்மாதிரிக் கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் வாயிலாவது பிறக்குமானால், மைக்காரனும் வரமாட்டான், போன்காரனும் வரமாட்டான்.